காற்றின் வேகமும் அறையின் ஈரமும்: சிட்லபாக்கத்து வீடுகளில் ஏசியின் விசிறி வேகம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

சென்னையின் தென்புறநகர் வீடுகளில் ஏசி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. கத்திரி வெயிலின் இரவுகளில் உறக்கத்துக்கும் மறுநாள் உழைப்புக்கும் அதுவே துணையாகிவிட்டது. எனினும் அதை இயக்கும் முறை பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே நிகழ்கிறது. ரிமோட்டில் 18 வைப்பதா 24 வைப்பதா என்பது விவாதிக்கப்படுகிற அளவுக்கு, அதே ரிமோட்டில் இருக்கும் விசிறி வேகப் பொத்தான் விவாதிக்கப்படுவதில்லை. வேகம் கூடினால் குளிர்ச்சி கூடும், குறைந்தால் மின்செலவு குறையும் என்ற இரு எளிய நம்பிக்கைகளே அந்தப் பொத்தானின் பயன்பாட்டை ஆள்கின்றன.

இவ்விரண்டும் பாதியளவே உண்மை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஏசியின் உட்புற விசிறி, அதாவது புளோயர், அறைக்குள் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பது, இயந்திரம் அகற்றும் வெப்பத்தின் மொத்த அளவை மட்டுமன்றி, அதில் எவ்வளவு பங்கு காற்றைக் குளிர்விப்பதற்கும் எவ்வளவு பங்கு காற்றிலுள்ள ஈரத்தை நீராக வடிப்பதற்கும் செல்கிறது என்பதையும் தீர்மானிக்கிறது. டெல்லி, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களின் வறண்ட கோடையில் இப்பங்கீட்டுக்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை. வங்கக் கடலின் ஈரக்காற்று ஆண்டு முழுவதும் வந்துசேரும் சிட்லபாக்கத்தில் நிலை வேறு. இங்கு உடல் உணரும் சுகத்தை முடிவு செய்வதில் இப்பங்கீட்டுக்குத் தலையாய இடம் உண்டு.

ஆகவே, உடலின் மேல் காற்று வீசச் செய்யும் வேலையை ஏசியின் புளோயரிடமிருந்து எடுத்துக் கூரை விசிறியிடம் ஒப்படைத்து, புளோயரை ஈரம் வடிப்பதற்கு ஏற்ற வேகத்தில் ஓடவிடுவதே இப்பகுதிக்குப் பொருத்தமான முறை என்பதும், இம்முறை பருவத்துக்கும் வீட்டின் தளத்துக்கும் ஏற்ப மாறவேண்டியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. இடமும் காலநிலையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கும் சிட்லபாக்கம், குரோம்பேட்டைக்கும் சேலையூருக்கும் இடையே ஏரியைச் சார்ந்து வளர்ந்த குடியிருப்புப் பகுதி. இதன் கிழக்கே செம்பாக்கமும், அதற்கும் அப்பால் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும், அதைத் தாண்டிக் கடற்கரையும் உள்ளன. கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இந்தத் தொலைவு இங்குள்ள வெப்பத்தின் தன்மையை விளக்க உதவுகிறது. கடற்காற்று முதலில் கரையோரப் பகுதிகளைத் தொட்டுப் பின்னரே உள்நோக்கி நகர்வதால், கடலுக்கு நெருக்கமான நுங்கம்பாக்கத்தைவிட உள்ளே தள்ளியுள்ள மீனம்பாக்கத்திலும் அதன் தெற்கேயுள்ள புறநகர்களிலும் நண்பகல் வெப்பம் சற்று அதிக நேரம் நீடிக்கிறது. மேற்குக் காற்று வலுத்த நாள்களில் கடற்காற்று மாலைவரை வராமலே போவதும் உண்டு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது போன்ற கடும் வெப்பநிலைகள் மேற்குக் காற்று ஓங்கும் நாள்களுக்கே உரியவை.

கடற்காற்று வந்ததும் வெப்பமானியின் அளவு இறங்குகிறது. ஆனால் காற்றின் ஈரம் ஏறுகிறது. இந்த ஈரத்தை அளக்கப் பனிநிலை என்ற அளவீடு உதவும். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்குகிறதோ அதுவே பனிநிலை. ஒப்பு ஈரப்பதம், காற்றிலுள்ள நீராவி மாறாதபோதும், வெப்பநிலை ஏறினால் இறங்குவது, இறங்கினால் ஏறுவது. பனிநிலையோ காற்றில் உண்மையில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைக் காட்டுவது. சென்னையில் மே மாதப் பனிநிலை பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியிருக்கும். அதாவது ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். 26 டிகிரியும் 55 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்ட சுகமான படுக்கையறைக் காற்றில் இருப்பதோ 12 கிராமுக்கும் சற்றுக் குறைவு. கதவிடுக்கு வழியாகவும் சன்னலிடுக்கு வழியாகவும் நுழையும் ஒவ்வொரு கிலோ வெளிக்காற்றும் எட்டு கிராமுக்கு மேல் தேவையற்ற நீரை உடன்கொண்டு வருகிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவும் பத்தடி உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஒருமுறை அந்த அறைக் காற்று முழுவதும் மாறுகிறது என்று கொண்டால், வெளிக்காற்று கொண்டுவரும் நீர் மட்டுமே மணிக்கு 300 கிராமைத் தாண்டும். உறங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் அதனுடன் சேரும்போது மொத்தம் 400 கிராமை எட்டும். வெயில் அடங்கிய பிறகும், மழை பெய்துகொண்டிருக்கும்போதும் இந்த ஈரச்சுமை குறைவதில்லை. வெப்பச்சுமை இரவிலும் மழைக்காலத்திலும் இறங்கிவிட, ஈரச்சுமை அப்படியே நிற்பதுதான் இப்பகுதியின் தனிச்சிக்கல்.

2. வெப்ப ஏற்றியும் காற்றோட்டமும்

ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப ஏற்றி, குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான இடத்தில் கொண்டுசேர்க்கும் இயந்திரம். அறையைக் குளிர்விக்கும் ஏசியும், குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கருவியும் அடிப்படையில் ஒன்றே. வெப்பம் செல்லும் திசை மட்டுமே மாறுகிறது. ஏசியின் உட்புறத்தில் உள்ள கூலிங் காயில் என்ற சுருளுக்குள் குளிர்பொருள் ஆவியாகும்போது அது அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த வெப்பத்தைக் கம்ப்ரசர் வெளிப்புறச் சுருளுக்கு ஏற்றி அனுப்ப, அங்குள்ள விசிறி அதை வெளியே தள்ளுகிறது.

சுருள் எடுக்கும் வெப்பம் இருவகைப்படும். காற்றின் வெப்பநிலையைக் குறைக்க எடுக்கப்படுவது உணர்வெப்பம். நீராவியை நீராக மாற்றுவதற்கு எடுக்கப்படுவது உள்ளுறை வெப்பம். ஒரு லிட்டர் நீரை இவ்வாறு வடிக்க ஏறத்தாழ 2,430 கிலோஜூல், அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை இயந்திரம் அகற்றவேண்டும். ட்ரெயின் பைப்பின் வாயில் ஒரு வாளியை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையால் அளந்தால், இயந்திரத்தின் உழைப்பில் எவ்வளவு ஈரம் வடிக்கச் செலவாயிற்று என்பது தெரிந்துவிடும். பல வீடுகளில் செடிகளுக்கு ஊற்றப்படும் இந்த ஏசித் தண்ணீர், எந்த வீட்டிலும் செய்துபார்க்கத்தக்க மிக எளிய அளவீட்டுக் கருவியாகும்.

விசிறியின் வேகம் கூடும்போது சுருளின் மேல் அதிகக் காற்று பாய்கிறது. சுருளுக்கு அதிக வெப்பம் வந்துசேர்வதால் அதன் வெப்பநிலை சற்று ஏறுகிறது. இயந்திரம் எடுக்கும் மொத்த வெப்பமும் கூடுகிறது. வேகம் குறையும்போது சுருள் மேலும் குளிர்கிறது, மொத்த வெப்பம் சற்றுக் குறைகிறது, ஆனால் குளிர்ந்த சுருளில் நீர் எளிதாகப் படிகிறது. 1.5 டன் ஏசி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் ஆதலால் இதன் முழுத்திறன் ஏறத்தாழ 5.27 கிலோவாட். உயர்வேகத்தில் மணிக்கு 1,000 கன மீட்டர் காற்று 11 டிகிரி குளிர்ந்து வெளிவருவதாகக் கொண்டால், உணர்வெப்பத்துக்கு 3.7 கிலோவாட்டும் ஈரம் வடிக்க 1.57 கிலோவாட்டும் செல்லும். குறைவேகத்தில் 650 கன மீட்டர் காற்று 14 டிகிரி குளிர்வதாகவும் மொத்தத் திறன் 4.7 கிலோவாட்டாக இறங்குவதாகவும் கொண்டால், உணர்வெப்பத்துக்கு 3.05 கிலோவாட்டும் ஈரத்துக்கு 1.65 கிலோவாட்டும் செல்லும். இது விளக்கத்துக்கான கணக்கு. மாடலுக்கு மாடல் எண்கள் மாறும், ஆனால் போக்கு மாறாது. அறையிலிருந்து ஒரே அளவு உணர்வெப்பத்தை எடுக்க இரு வேகங்களும் முயலும்போது, குறைவேகம் ஏறத்தாழ கால் பங்கு கூடுதலான நீரை வடித்துவிடுகிறது என்பதே இக்கணக்கின் பொருள்.

உயர்வேகத்தின் நியாயத்தையும் இதே கணக்கு காட்டுகிறது. நாள் முழுதும் பூட்டிக்கிடந்து மாலையில் திறக்கப்படும் அறையில், சுவரும் கட்டிலும் அலமாரியும் உள்வாங்கிய வெப்பத்தை விரைவாக வெளியேற்ற உணர்வெப்பத் திறனே தேவை. அந்த முதல் அரைமணி நேரத்தில் புளோயரைக் குறைவேகத்தில் வைப்பது இயந்திரத்தின் திறனை வீணாக்குவதாகும்.

3. குறைசுமை நேரத்தில் நிகழ்வது

விசிறி வேகத்தின் உண்மையான விளைவு, இயந்திரம் முழுத்திறனில் ஓடும்போது வெளிப்படுவதைவிட, அறை குளிர்ந்து சுமை குறைந்த பிறகே கூர்மையாக வெளிப்படுகிறது. இன்வர்ட்டர் ஏசி என்பது சுமைக்கு ஏற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இயந்திரம். பழைய ஏசியைப் போல் முழுவதும் ஓடுவதும் முழுவதும் நிற்பதுமாக அது மாறிமாறி இயங்குவதில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதில் இதன் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் ஈரம் வடிப்பதைப் பொறுத்தவரை இதே மேன்மை ஒரு குறையைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

நள்ளிரவில் அறையின் உணர்வெப்பச் சுமை 1.2 கிலோவாட்டாகக் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். புளோயர் அப்போதும் மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தால், அந்தக் காற்று 3.6 டிகிரி குளிர்ந்தாலே சுமை தீர்ந்துவிடும். சுருளைத் தொடாமல் நழுவிச்செல்லும் சிறு பங்கு காற்றையும் கணக்கில் சேர்த்தால், 26 டிகிரி அறையில் சுருளின் சராசரி வெப்பநிலை 21 அல்லது 22 டிகிரியாக இருந்தால் போதுமானது. அறையின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடாக இருக்கையில் அதன் பனிநிலையோ ஏறத்தாழ 17.6 டிகிரி. பனிநிலையைவிடச் சுருள் சூடாக இருப்பதால் அதில் ஒரு துளி நீரும் படியாது. ஈரம் அறையில் சேர்ந்துகொண்டே போய், ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டை நெருங்கும்போதுதான் சுருள் மீண்டும் நனையத் தொடங்கும். சுருளின் எல்லாப் பகுதிகளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கொள்ளும் எளிமைப்படுத்திய கணக்கு இது. எனினும் தென்புறநகர்வாசிகள் "ஜில்லுன்னுதான் இருக்கு, ஆனா பிசுபிசுன்னு இருக்கு" என்று விவரிக்கும் நிலை தோன்றும் வழியை இது தெளிவாகக் காட்டுகிறது. புளோயரின் காற்று மணிக்கு 450 கன மீட்டராகக் குறைந்தால், அதே சுமையைத் தீர்க்கக் காற்று 8 டிகிரி குளிரவேண்டும். அதற்குச் சுருள் 16 அல்லது 17 டிகிரிக்கு இறங்கவேண்டும். அது பனிநிலைக்குக் கீழே ஆதலால் நீர் வடியும். இயந்திரமும் சுமையும் வெப்பநிலை அமைப்பும் மாறாதிருக்க, விசிறியின் வேகம் ஒன்றே அறையை ஈரமானதாகவோ உலர்ந்ததாகவோ ஆக்கிவிடுகிறது.

நிலைவேகக் கம்ப்ரசர் கொண்ட பழைய ஏசியில் இச்சிக்கல் வேறொரு வழியில் தோன்றுகிறது. குறித்த வெப்பநிலையை அறை எட்டியதும் கம்ப்ரசர் கட்டாகிறது. புளோயரோ தொடர்ந்து ஓடுகிறது. அப்போது சுருளின் தகடுகளில் வடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நீர், அதன்மேல் பாயும் அறைக்காற்றால் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்புகிறது. ஈரம் மிகுந்த புளோரிடா மாநிலத்தில், அங்குள்ள சூரிய ஆற்றல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, விசிறி இடைவிடாது ஓடும்போது குறைசுமையில் ஈரம் வடிக்கும் திறன் எவ்வளவு கடுமையாகச் சரிகிறது என்பதை அளவீடுகளுடன் காட்டியது. கம்ப்ரசர் நின்றிருக்கும் நேரத்தில் வேகமாகச் சுழலும் புளோயர், வடித்த நீரில் ஒரு பகுதியை அறைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்நிலை உச்சத்தை அடைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிவெப்பம் மிதமாக இருக்க, காற்றோ நீராவியால் நிறைந்திருக்கிறது. ஏசியின் ட்ரை முறை இத்தகைய நாள்களுக்கென்றே அமைந்தது; அது புளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கம்ப்ரசரை விட்டுவிட்டு இயக்குகிறது. துணிகளில் பூஞ்சைவாடை வீசுவதும், அலமாரியின் பின்சுவரில் கறை படிவதும், செருப்பில் வெண்பூஞ்சை பூப்பதும் இப்பருவத்தில்தான். ட்ரை முறையின் பயன் தேவைப்படுவதும் இப்பருவத்தில்தான்.

4. உடல் உணர்வதும் கூரை விசிறியும்

டென்மார்க்கின் பி. ஓ. ஃபேங்கர் 1970இல் வெளியிட்ட ஆய்வுநூல், மனித உடலின் வெப்பச் சுகத்தை ஆறு காரணிகளின் கூட்டு விளைவாக விளக்கியது: காற்றின் வெப்பநிலை, சுற்றுப்பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், உடை, உடலுழைப்பு. ரிமோட்டில் தெரியும் எண் இவற்றுள் முதலாவதை மட்டுமே குறிக்கிறது. தோலின் வெப்பநிலை 33 டிகிரிக்குச் சற்று மேலாக இருப்பதால், அதைவிடக் குளிர்ந்த காற்று வேகமாக வீசும்போது உடல் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. வியர்வை ஆவியாவதும் விரைவுபடுகிறது. அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் ஆஷ்ரே 55 தரநிலையும், இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் காற்றின் வேகம் கூடும்போது ஏற்கத்தக்க வெப்பநிலையும் உயர்வதை ஏற்றுக்கொள்கின்றன. நொடிக்கு 0.8 மீட்டர் வேகக் காற்று, ஏறத்தாழ 2 முதல் 3 டிகிரி வெப்பநிலைக் குறைவுக்கு ஈடான சுகத்தைத் தருகிறது.

இந்த வேகத்தைக் கட்டிலின் மேல் உருவாக்கும் பணிக்கு ஏசியின் புளோயர் பொருத்தமான கருவி அன்று. சுவரின் மேற்பகுதியில் பொருத்தப்பட்ட அதன் காற்று ஒரு கற்றையாகப் பாய்ந்து ஒருவரின் தலையில் படும்; அடுத்தவரைத் தொடாமலே போகும். 1,200 மில்லிமீட்டர் வீச்சுள்ள கூரை விசிறியோ நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையாத காற்றைத் தள்ளவேண்டும் என்பது மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரைக்கான விதி. அதாவது மணிக்கு 12,600 கன மீட்டர். புளோயரின் உயர்வேகக் காற்றைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட இந்தக் காற்று அறை முழுவதும் பரவி வீசுகிறது. காற்றை வீசுவது கூரை விசிறியின் வலிமை. காற்றை உலர்த்துவது ஏசிச் சுருளின் வலிமை. ஒன்றின் வேலையை மற்றதன் மேல் சுமத்தும்போது இரண்டும் குறைபடுகின்றன.

இக்கருத்துக்கு ஈரநாடுகளின் கள ஆய்வுகள் துணைநிற்கின்றன. சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, விசிறியின்றி 23 டிகிரியில் வைக்கப்பட்ட அறையைவிட, கூரை விசிறிகளுடன் 26 டிகிரியில் வைக்கப்பட்ட அறையிலேயே பணியாளர்கள் அதிக நிறைவு கண்டதைக் காட்டியது. இந்தியாவில் அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் முன்னின்று உருவாக்கிய தகவமைவுச் சுக மாதிரிக்காக ஐந்து காலநிலை மண்டலங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 பதில்கள் திரட்டப்பட்டன. ஈரவெப்ப மண்டலத்தின் சார்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரம் சென்னை. ஏசியும் இயற்கைக் காற்றும் மாறிமாறிப் பயன்படும் கட்டடங்களுக்கு அம்மாதிரி தரும் சமன்பாட்டில் மே மாதச் சராசரி வெளிவெப்பநிலையாக 33 டிகிரியை இட்டால், மக்கள் நடுநிலையாக உணரும் வெப்பநிலை 27 டிகிரியாக வருகிறது. 18 டிகிரிக் குளிர் சென்னை உடலின் இயல்பான தேவை அன்று. அது பெரும்பாலும் ஈரத்தின் பிசுபிசுப்பைக் குளிரால் வெல்ல முயல்வதன் விளைவு.

மின்செலவுக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப்பார்க்கவேண்டும். அமைப்பு வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் பரவலாகக் கூறிவரும் அளவு. இரவில் சராசரியாக 800 வாட் எடுக்கும் ஏசியை 2 டிகிரி உயர்த்தினால் மிச்சம் ஏறத்தாழ 96 வாட். பழைய கூரை விசிறி ஒன்று 75 வாட் எடுப்பதோடு, அந்த 75 வாட்டையும் இறுதியில் வெப்பமாக அறைக்குள்ளேயே விடுகிறது. அதை வெளியேற்ற ஏசிக்கு மேலும் 20 வாட் தேவைப்படும். மிச்சம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடுகிறது. பிஎல்டிசி எனப்படும் தூரிகையற்ற மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவில் இதே காற்றைத் தருவதால், அதனுடன் சேரும்போதுதான் இம்முறை பணத்தையும் மிச்சப்படுத்துகிறது. கோடை மாலைகளில் மின்னழுத்தம் தாழும்போது பழைய விசிறி சோர்ந்து சுழல, பிஎல்டிசி விசிறி வேகம் குன்றாமல் சுழல்வது கூடுதல் நன்மை. இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டண முறையில், அந்த எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு இந்தச் சிறு வேறுபாடு சிறியதன்று.

5. மறுப்புகளும் எல்லைகளும்

புளோயரின் வேகத்தைக் குறைப்பதற்கு எதிரான முதல் வாதம் பழுதுபார்ப்பாளர்களிடமிருந்து வருகிறது: காற்றோட்டம் குறைந்தால் காயிலில் ஐஸ் பிடிக்கும், கம்ப்ரசருக்கும் கேடு. இது சரியான எச்சரிக்கை. சுருளின் வெப்பநிலை சுழிக்குக் கீழே போனால் படிந்த நீர் உறைந்து காற்றின் வழியை மேலும் அடைக்கும். ஆனால் நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில், தயாரிப்பாளர் அமைத்த குறைவேகம் இந்த எல்லைக்கு மேலேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். ஐஸ் பிடிப்பது பெரும்பாலும் தூசியடைந்த ஃபில்டராலோ கேஸ் குறைந்ததாலோ நிகழ்வது. அடைந்த ஃபில்டர் என்பது வீட்டார் அறியாமலே குறைக்கப்பட்ட விசிறி வேகம். குறைவேகத்தை விரும்பும் வீடு ஃபில்டரைக் கழுவுவதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

இரண்டாவது வாதம் திறனைப் பற்றியது. சுருள் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவுக்குக் கம்ப்ரசர் ஒரு யூனிட் மின்சாரத்தில் அகற்றும் வெப்பம் குறையும். டிகிரிக்கு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு இழப்பு என்பது பொறியாளர்களின் பொதுவான மதிப்பீடு. ஆகவே வெப்பத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உயர்வேகமே திறன்மிக்கது. ஆனால் வீட்டில் வாழ்வோருக்குத் தேவை சுகமே. வெப்பத்தை அகற்றுவது அதற்கான வழி. உலர்ந்த காற்றும் கூரை விசிறியும் சேர்ந்து 26 அல்லது 27 டிகிரியில் உறக்கத்தைத் தருமானால், 22 டிகிரியில் உயர்வேகத்தோடு திறமையாக ஓடிய இயந்திரம் செலவழித்த மின்சாரமே அதிகமாக இருக்கும்.

இவ்வாதம் எல்லா நாடுகளுக்கும் பொருந்துவதன்று. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் தமிழ்க் குடும்பம் குளிர்காலத்தில் வெப்ப ஏற்றியால் வீட்டைச் சூடாக்கும்போது அங்கே வடிக்கவேண்டிய ஈரம் இல்லை. உட்புறச் சுருள் வெப்பத்தை வெளிவிடும் இடமாகிறது. அதன்மேல் அதிகக் காற்று பாய்ந்தால் சுருளின் வெப்பநிலை தாழ்ந்து திறன் கூடுகிறது. ஆகவே அங்கு உயர்வேகத்தையோ தானியங்கு வேகத்தையோ நாடுவதே முறை. அந்நாடுகளின் கையேட்டு அறிவுரையைச் சிட்லபாக்கத்தின் செப்டம்பர் இரவுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும்.

சிட்லபாக்கத்துக்குள்ளேயே வீட்டுக்கு வீடு நிலை மாறுகிறது. தனிவீடுகள் இடிக்கப்பட்டு, கீழே வாகன நிறுத்தமும் மேலே சில தளங்களுமாக எழும் அடுக்ககங்களில், மேல்தளத்தின் கான்கிரீட் கூரை பகலில் உள்வாங்கிய வெப்பத்தைப் பல மணி நேரம் கழித்து இரவில் கீழ்நோக்கிக் கதிர்வீசுகிறது. இரவு பத்து மணிக்கும் அந்த அறையின் உணர்வெப்பச் சுமை உயர்ந்தே இருப்பதால் அங்கு மே மாதத்தில் நடுத்தர அல்லது உயர்வேகம் நெடுநேரம் தேவைப்படும். கூரை விசிறி கூரையடியின் சூட்டுக்காற்றைக் கீழே இறக்குவதாக எழும் முறையீடும் அத்தகைய அறைகளில் நியாயமானதே. அதற்கு மருந்து மொட்டை மாடியில் வெண்பூச்சோ கூலிங் டைல்ஸோ போடுவது. விசிறியை நிறுத்துவது அன்று. இடைத்தளத்திலும் தரைத்தளத்திலும் உள்ள அறைகளுக்கே குறைவேக வாதம் முழுமையாகப் பொருந்துகிறது.

வெளிப்புற விசிறியும் கவனத்துக்குரியது. அடுத்த சுவருக்கு ஒன்றிரண்டு அடி இடைவெளியில், கம்பிக்கூண்டுக்குள் அடைபட்ட அவுட்டோர் யூனிட் தான் வெளிவிட்ட சூட்டையே மீண்டும் உறிஞ்சுகிறது. அந்நிலையில் உட்புற விசிறியின் வேகத்தை எப்படி மாற்றினாலும் இழந்த திறன் திரும்பாது.

இறுதியாக, எந்த விசிறியின் வேகமும் புதிய காற்றைக் கொண்டுவருவதில்லை. சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுகிறது. 1928இல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, திறந்தவெளிக் காற்றே சிகிச்சையின் அடிப்படை என்ற கொள்கை அவரை வழிநடத்தியது. அதே மண்ணில் இன்று மூடிய அறைகளில் உறங்குவோர், கடற்காற்று வீசும் மாலைகளில் ஒரு மணி நேரமாவது சன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் பின்னர் ஏசியை இயக்குவது உடல்நலத்துக்கு உகந்தது. அதனால் நுழையும் ஈரத்தை, முதல் விரைவுக் குளிர்விப்புக்குப் பின் வரும் குறைவேகம் வடித்துவிடும்.

6. நட்சத்திர முத்திரை சொல்லாதது

வாங்குவோர் இவற்றை அறிய இன்றைய முத்திரை உதவுவதில்லை. ஏசியின் திறன் சோதிக்கப்படும் நிலையில் உட்புறக் காற்று 27 டிகிரியும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 19 டிகிரியும் கொண்டது. இது 47 விழுக்காடு அளவிலான ஒப்பு ஈரப்பதம். தென்புறநகரின் மழைக்கால அறை இதைவிட மிகவும் ஈரமானது. பருவகாலத் திறன் எண்ணான ஐசீர், 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பநிலைகளில் 1,600 மணி நேர இயக்கத்தை நாடு முழுமைக்கும் பொதுவாகக் கணக்கிடுகிறது. ஈரத்தின் பரவல் அதில் தனியே எடைபோடப்படுவதில்லை. உணர்வெப்பமும் உள்ளுறை வெப்பமும் ஒரே மொத்தமாகக் கூட்டப்படுகின்றன. இதனால், குறைசுமையில் பெரும் காற்றோட்டத்தோடு சுருளைச் சூடாக வைத்து உயர்ந்த எண்ணைப் பெறும் இயந்திரம் ஜோத்பூரிலும் சிட்லபாக்கத்திலும் ஒரே நட்சத்திரத்தோடு விற்கப்படுகிறது. 2020 முதல் 24 டிகிரியைத் தொடக்க அமைப்பாகக் கட்டாயமாக்கிய விதி பாராட்டத்தக்கது; ஆனால் ஈரம் வடியாத 24 டிகிரியில் சுகம் காணாதவர் உடனே 20க்கு இறங்கிவிடுவார் என்பதால், ஈரத்தைக் கவனியாத வெப்பநிலை விதி தன் பயனில் ஒரு பங்கை இழக்கிறது.

முடிவுரை

விசிறியின் வேகம் ஏசியின் வெளியீட்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்வதோடு, அவ்வெளியீட்டின் தன்மையையே மாற்றுகிறது என்பது மேற்கண்ட ஆய்வால் தெளிவாகிறது. சிட்லபாக்கம் போன்ற ஈரவெப்பப் பகுதிகளுக்கு இதிலிருந்து பெறப்படும் நடைமுறை எளியது. மாலையில் அறையைத் திறந்ததும் உயர்வேகம். அறை குளிர்ந்தபின் தானியங்கு அல்லது குறைவேகத்தோடு 26 அல்லது 27 டிகிரி, உடன் பிஎல்டிசி கூரை விசிறி நடுத்தர வேகத்தில். பருவமழை நாள்களில் ட்ரை முறை. மேல்தள அறைகளில் கூரையின் வெப்பத்தைத் தணித்த பிறகே குறைவேகம். முதியவர்களும் கைக்குழந்தைகளும் உறங்கும் அறையில் கூரை விசிறியை இன்னும் மெதுவாக வைக்கவேண்டும். ஈரப்பதம் காட்டும் சிறு டிஜிட்டல் மானி ஒன்றை அறையில் வைத்து, அளவு 60 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ரிமோட்டின் எண்ணைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு, ஈரவெப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் குளிர்விப்புக் கொள்கைக்காகக் குரல் கொடுக்க மிகவும் தகுதியுடைய மாநிலம். ஒவ்வொரு ஏசியும் குறைசுமையில், ஒவ்வொரு விசிறி வேகத்திலும் மணிக்கு எத்தனை லிட்டர் நீரை வடிக்கிறது என்பதை நட்சத்திர முத்திரையில் அச்சிடும்படி ஆற்றல் திறன் பணியகம் விதிக்கவேண்டும். கடலோர மாநிலங்கள் அதை ஒருமித்துக் கோரவேண்டும்.